கியர் விழவில்லை! பெட்டியைக் கழற்றுவதற்கு முன்...

முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல் ஏழரை மணிக்குள். இப்போதே மணி ஐந்தரை. மணப்பெண் காரில் ஏறி உட்கார்ந்து விட்டாள். கூடவே அத்தை, சித்தி, மடியில் இரண்டு குழந்தைகள்.

டிரைவர் என்ஜினை ‘ஸ்டார்ட்’ செய்தார். கிளட்சை மிதித்தார். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக் கொண்டு இருந்த கியர்க் கம்பைப் பிடித்து இழுத்தார்.

கம்பு அசையவில்லை!

மேலே தூக்கினார். வரவில்லை. கீழே அழுத்தினார். போகவில்லை.

பெண்ணைப் பெற்றவளுக்கு முகம் வெளுத்து விட்டது. “புறப்படும் போதே தடங்கலா?” என்று ஒரு பாட்டி முணுமுணுத்தாள்.

டிரைவர் பதறவில்லை. இறங்கினார். முன் மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். ‘தடக்’ என்று ஒரு சத்தம். மூடியைச் சாத்தி விட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். கியர் சிரமம் இல்லாமல் விழுந்தது. கார் புறப்பட்டது.

அம்பாசடர் கார் ஓடிய ஊர்களில் எல்லாம் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கண்ட காட்சி இது. டிரைவர் செய்தது மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அது தெரியாதவர்கள் என்ன செய்தார்கள்? காரைப் பட்டறைக்குத் தள்ளிக் கொண்டு போனார்கள். “கியர்ப் பெட்டி போய் விட்டது” என்று யாராவது சொன்னால் நம்பினார்கள். கேட்ட பணத்தைக் கொடுத்தார்கள்.

அடகில் வளையல்!

ஒரு டாக்சிக்காரர். ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இவரைப் போல எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இவர்.

சொந்தக் கார். பழைய அம்பாசடர். மனைவியின் வளையல்களை அடகு வைத்தார். மீதிப் பணத்தை வட்டிக்கு வாங்கினார். வண்டி ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும். ஓடாவிட்டால் வட்டி மட்டும் ஓடும்.

ஒரு நாள் இரண்டாவது கியர் விழ மறுத்தது. மூன்றாவது கியர் விழுந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் தானாகவே கழன்று கொண்டது.

ஒரு பட்டறையில் காட்டினார். அங்கே இருந்தவர் காருக்கு அடியில் குனிந்து கூடப் பார்க்கவில்லை. “பெட்டியை இறக்க வேண்டும். உள்ளே பற்சக்கரம் போயிருக்கும். நாலைந்து நாள் ஆகும்” என்றார். சொன்ன தொகையைக் கேட்டதும் டாக்சிக்காரருக்குத் தலை சுற்றியது.

அவருடைய கியர்ப் பெட்டி உண்மையிலேயே கெட்டு விட்டதா?

அதைத் தெரிந்து கொள்ள, கியர் என்பது எதற்காக வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தாய் வீட்டுக்குப் போன பெண்

1888-ம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊர். கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து வைத்து இருந்தார். அதை வாங்க ஆள் வரவில்லை.

அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே ஒரு காரியம் செய்தார். இரண்டு மகன்களையும் ஏற்றிக் கொண்டு, அந்த வண்டியில் தன் தாயார் இருந்த போர்ஸ்ஹைம் ஊருக்குப் புறப்பட்டு விட்டார்! சுமார் 100 கிலோமீட்டர் தூரம். மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் போனது இல்லை.

வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பியில் குத்தி இருந்த ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி வைத்து அடிக்கச் சொன்னார்.

மேட்டை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏற்றம் வந்தால் வண்டி திணறியது. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

பெர்த்தா வீடு திரும்பியதும் நடந்ததை எல்லாம் சொன்னார். ஏற்றத்துக்கு என்று ஒரு கியரைப் பென்ஸ் சேர்த்தார்.

பல்லுக்குப் பல்

கியர் செய்யும் வேலை இதுதான்.

10 பல் உள்ள சின்னச் சக்கரம், 40 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சின்னது நாலு சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் சுற்றும் பலம் நாலு மடங்கு ஆகிறது!

நின்று கொண்டு இருக்கும் காரை நகர்த்தப் பலம் வேண்டும். மலை ஏறப் பலம் வேண்டும். அதற்கு முதல் கியர். ஓடத் தொடங்கிய பிறகு அவ்வளவு பலம் தேவை இல்லை, வேகம்தான் தேவை. அதற்கு அடுத்தடுத்த கியர்கள். பழைய அம்பாசடரில் நாலாவது கியரில் என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால், பின் சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும்.

சுற்றிக் கொண்டு இருக்கும் ஒரு பல்லை, வேறு வேகத்தில் சுற்றும் இன்னொரு பல்லோடு சேர்ப்பது லேசான காரியம் அல்ல. ‘கர்ர்ர்’ என்று அரைக்கும். 1928-ம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் கார் இதற்கு ஒரு வழி கொண்டு வந்தது. பல் சேர்வதற்கு முன்னால் கூம்பு வடிவமான ஒரு வளையம் உரசி, இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கும். பிறகு பல் சேரும். ‘சின்க்ரோ’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் பித்தளை வளையம். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

பழைய அம்பாசடரில் முதல் கியருக்கு இந்த வளையம் கிடையாது. கார் நின்ற பிறகே முதல் கியரைப் போட வேண்டும். ஓடும் போது போட்டால் கார் கத்தும். டிரைவரைப் பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்!

கம்பு ஏன் ஸ்டீரிங்கில்?

அம்பாசடர் கார், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் அச்சு அது. 1950-களின் கடைசியில் வந்தது. 2014-ம் ஆண்டு மே மாதம் வேலை நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல், வெளித் தோற்றம் அதிகம் மாறாமலே ஓடியது.

பழைய அம்பாசடரில் கியர்க் கம்பு தரையில் இருக்காது. ஸ்டீரிங் தண்டில் இருக்கும். பம்பாயில் டாக்சியாக ஓடிய பத்மினி காரிலும் அப்படித்தான்.

காரணம், முன் சீட்டு! அது பெஞ்சு மாதிரி ஒரே பலகை. நடுவில் கம்பு இல்லாததால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். (அம்பாசடரில் மொத்தம் எத்தனை பேர் ஏறலாம் என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியாது. அது நம் ஊர்க் கல்யாண வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும்!)

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கம்பு இருப்பது ஸ்டீரிங் பக்கத்தில். பெட்டி இருப்பது கீழே, என்ஜினுக்குப் பின்னால். நடுவில் உள்ள தூரத்தை நீண்ட தண்டும், கைகளும், இணைப்புக் கம்பிகளும் கடக்க வேண்டும். கம்பிகள் சேரும் மூட்டுகளில் ‘புஷ்’ என்ற சின்னக் குழல் வளையம் இருக்கும். மூட்டு ஆடாமல் பார்த்துக் கொள்வது அதன் வேலை.

டிரைவரின் கை இரண்டு வேலை செய்கிறது. கம்பைத் தன் பக்கம் இழுக்கிறது, அல்லது அப்பால் தள்ளுகிறது. எந்த ஜோடி கியர் என்று பொறுக்கும் வேலை இது. பிறகு மேலே தூக்குகிறது, அல்லது கீழே இறக்குகிறது. அந்த ஜோடியில் ஒரு கியரைப் போடும் வேலை இது. இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக, சரியான இடத்தில் நடக்க வேண்டும்.

புஷ் தேய்ந்து விட்டால்? பொறுக்கும் வேலை பாதியில் நிற்கும்போதே போடும் வேலை தொடங்கி விடும். கைகள் ஒன்றை ஒன்று மறித்துச் சிக்கிக் கொள்ளும். கம்பு அசையாது.

கல்யாணக் கார் டிரைவர் மூடியைத் திறந்து செய்தது என்ன என்று இப்போது புரிந்து இருக்கும். சிக்கிய கையைப் பழைய இடத்துக்கு, அதாவது எந்தக் கியரிலும் இல்லாத ‘நியூட்ரல்’ நிலைக்குத் தட்டி விட்டார். பெட்டிக்கும் அந்தத் தடங்கலுக்கும் சம்பந்தமே இல்லை!

புளிய மரத்தடியில்

டாக்சிக்காரர் காரை இன்னொருவரிடம் கொண்டு போனார். வயதான மெக்கானிக். புளிய மரத்தடியில் ஒரு கொட்டகை. அதுதான் பட்டறை.

“அண்ணாச்சி, பெட்டி போச்சாம். நீங்களும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

“யாரு சொன்னா? திறந்து பாத்தாங்களா?”

“இல்ல அண்ணாச்சி.”

“வயித்து வலின்னு வந்தவனை உடனே கத்தியை வச்சுக் கீறுவாங்களா தம்பி? நாடி பாப்போம்.”

மெக்கானிக் முதலில் காரைச் சமதரையில் நிறுத்தச் சொன்னார். கைப் பிரேக்கைப் போடச் சொன்னார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். பிறகு என்ஜினை நிறுத்தச் சொன்னார்.

என்ஜின் ஓடாத போது, கிளட்சை மிதித்துக் கொண்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். இதுதான் முதல் சோதனை. சில சமயம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக் கொண்டு நிற்கும். அப்போது கல்லை எடுத்து விட்டு, காரை ஒரு சாண் தள்ளி நிறுத்தி மறுபடியும் பார்க்க வேண்டும்.

என்ஜின் நிற்கும் போது எல்லாக் கியரும் ஒழுங்காக விழுகின்றன, ஓடும் போது மட்டும் விழவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது பெட்டியை அல்ல, கிளட்சை!

கிளட்ச் என்பது என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் உள்ள கதவு மாதிரி. மிதித்தால் இரண்டும் பிரிய வேண்டும். முழுவதும் பிரியாவிட்டால் என்ஜினின் சுழற்சி பெட்டிக்குள் போய்க் கொண்டே இருக்கும். பல் சேராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கார் நிற்கட்டும். என்ஜின் மெதுவாக ஓடட்டும். பிரேக்கையும் மிதித்துக் கொள்ளுங்கள். கிளட்சைக் கடைசி வரை மிதித்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரிவர்சுக்குச் சின்க்ரோ வளையம் கிடையாது. அதனால் அது பொய் சொல்லாது. அரைக்காமல் விழுந்தால் கிளட்ச் சரியாகப் பிரிகிறது. எண்ணி முடித்த பிறகும் ‘கர்ர்’ என்றால் பிரியவில்லை.

ஏன் பிரியவில்லை? கிளட்சை இழுக்கும் கேபிள் தளர்ந்து இருக்கலாம். எண்ணெயால் வேலை செய்யும் கிளட்சாக இருந்தால் அந்த எண்ணெய் கசிந்து குறைந்து இருக்கலாம். கேபிளை முறுக்குவதும், கசிவை அடைப்பதும் பெட்டியை இறக்கும் வேலை அல்ல. சில சமயம் மிதியடிக்குக் கீழே கால் விரிப்பு சுருண்டு கிடக்கும்! மிதி கடைசி வரை போகாது. அதற்கும் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

இதற்கு நேர் மாறான கோளாறும் உண்டு. கியர் விழுகிறது. என்ஜின் அலறுகிறது. கார் மட்டும் வேகம் எடுக்கவில்லை. அப்படியானால் கிளட்ச் பிடிக்கவில்லை. வழுக்குகிறது. கிளட்ச் தட்டு தேய்ந்து இருக்கும். இது கொஞ்சம் பெரிய செலவுதான். ஆனாலும் கியர்ப் பற்களுக்கு ஒன்றும் ஆகி இருக்காது.

டாக்சிக்காரரின் காரில் ரிவர்ஸ் அரைக்காமல் விழுந்தது. கிளட்ச் நல்ல கிளட்ச். ஆனால் என்ஜின் நின்ற போதும் இரண்டாவது கியர் சண்டித்தனம் செய்தது.

“சரி. நீங்க மேலே உக்காந்து கம்பை ஆட்டுங்க. நான் கீழே பாக்கேன்” என்றார் மெக்கானிக்.

கீழே என்றால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது அல்ல. ஜாக்கி நழுவினால் அதோடு எல்லாம் முடிந்தது. மெக்கானிக் குழி வெட்டி வைத்து இருந்தார். குழி இல்லாத இடங்களில் சக்கரத்துக்குக் கல் வைத்து, காருக்கு அடியில் உறுதியான முக்காலித் தாங்கி கொடுக்க வேண்டும். வீட்டில் இதை எல்லாம் செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்கள் இந்த விஷயத்தில் விளையாடக் கூடாது.

டாக்சிக்காரர் கம்பை ஆட்டினார். மேலே நாலு விரல் அளவு அசைந்த பிறகுதான், கீழே பெட்டியில் உள்ள கை அசையத் தொடங்கியது! நடுவில் இருந்த ஒரு மூட்டில் புஷ் என்ற ஒன்றே இல்லை. தேய்ந்து, உடைந்து, எங்கோ ரோட்டில் விழுந்து போயிருந்தது.

மெக்கானிக் அத்தோடு விடவில்லை. இணைப்புக் கம்பியைப் பெட்டியில் இருந்து கழற்றினார். பெட்டியின் கையை நேராகத் தன் கையால் தள்ளிப் பார்த்தார். ‘டிக்’... ‘டிக்’... ஒவ்வொரு கியரும் சுத்தமாக விழுந்தது.

இந்தச் சோதனை முக்கியமானது. கம்பி கழன்ற பிறகு பெட்டியில் கியர் சுலபமாக விழுந்தால், கோளாறு பெட்டிக்கு வெளியே. அப்போதும் விழாவிட்டால்தான் கோளாறு பெட்டிக்கு உள்ளே.

“மூணாவது கியர் கழலுதே அண்ணாச்சி?”

“கம்பு ஆடுறதால பல்லு முழுசா உள்ள போகல. பாதி கடிச்ச பல்லு, பாரம் வந்தா நழுவத்தானே செய்யும்?”

உண்மையிலேயே பெட்டி கெட்டால்?

எல்லாக் காரிலும் இப்படி நல்ல முடிவு வராது. பெட்டியும் கெடும். பெட்டியை இறக்கச் சொல்லும் மெக்கானிக் எல்லாம் ஏமாற்றுக்காரரும் அல்ல.

உள்ளே கெட்டு இருந்தால் பெட்டியே சொல்லும். காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கார் நிற்கிறது. நியூட்ரல். என்ஜின் ஓடுகிறது. ஒரு முனகல் கேட்கிறது. கிளட்சை மிதித்தால் முனகல் நின்று விடுகிறது. காலை எடுத்தால் மறுபடியும் வருகிறது. பெட்டிக்குள் நுழையும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் கோளாறு இருக்கலாம். இதற்கு நேர் மாறாக, மிதித்தால் சத்தம், எடுத்தால் அமைதி என்றால், அது கிளட்சைத் தள்ளும் பேரிங். எப்போதும் கிளட்ச் மேல் காலை வைத்துக் கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

ஒரே ஒரு கியர் மட்டும் அரைக்கிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால், அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்து இருக்கும். கிளட்ச் கெட்டு இருந்தால் ஒரு கியரோடு நிற்காது. எல்லாக் கியரும் தகராறு செய்யும். இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி நோய் தெரிந்த மாதிரி.

எண்ணெயும் சாட்சி சொல்லும். பெட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் வடிக்க வேண்டும். எண்ணெயில் பொன் நிறத் தூள் மின்னினால், அது பித்தளை வளையத்தின் தேய்மானம். கொஞ்சம் இருந்தால் பயம் இல்லை, வயதுக்கு உரிய தேய்மானம்தான். இரும்புத் துண்டு கிடந்தால்? பல் உடைந்து இருக்கிறது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. உடைந்த துண்டு மற்றப் பற்களையும் கெடுத்து விடும்.

எண்ணெய் குறைந்து போனதாலேயே கெட்ட பெட்டிகள் ஏராளம். என்ஜின் எண்ணெயைப் பார்க்கக் குச்சி இருக்கிறது. அடிக்கடி பார்க்கிறோம். கியர்ப் பெட்டியைப் பலர் திரும்பியும் பார்ப்பது இல்லை. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். பின் அச்சுக்கு ஏற்ற சில எண்ணெய்களில் உள்ள மருந்து, பித்தளை வளையத்தை அரிக்கும். கடைக்காரர் கொடுத்ததை ஊற்றாமல், காரோடு வந்த புத்தகத்தில் சொல்லி இருப்பதை ஊற்ற வேண்டும்.

மலையில் கழன்றால்...

கியர் தானாகக் கழலும் கார் ஒன்று இருந்தால், அதை மலைக்குக் கொண்டு போகக் கூடாது. இது பண விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்குப் போகும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ரோட்டில் இறங்கும் போது காரைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல. சிறிய கியரில் போட்டு இருந்தால் என்ஜினே காரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்து விட்டால் அந்தப் பிடி போய் விடும். பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகும். சூடு ஏற ஏறப் பிடிப்புக் குறையும்.

பெட்ரோல் மிச்சம் என்று வேண்டும் என்றே நியூட்ரலில் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதை விடப் பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை. மிச்சமும் ஆகாது. இன்றைய பெட்ரோல் கார்களில், கியரில் போட்டபடி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்று விடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் ஓடப் பெட்ரோல் செலவாகிறது!

இறங்கும் வழியில் கியர் கழன்றே விட்டால் பதறக் கூடாது. பிரேக்கை உறுதியாக மிதித்து உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்ததும் சிறிய கியரைப் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்துக் கொண்டு, அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்ட வேண்டும். மீதித் தூரத்துக்கு வேறு வண்டி பிடிப்பது நல்லது.

இன்றைய கார்கள்

ஸ்டீரிங்கில் கம்பு வைத்த டாக்சிகள் மறைந்து விட்டன. பம்பாயில் கடைசிப் பத்மினி டாக்சி 2003-ம் ஆண்டு பதிவானது. 20 வயது நிறைந்து, 2023 அக்டோபரில் அதுவும் ஓய்வு பெற்றது.

இன்று பெரும்பாலான கார்களில் கம்பு தரையில் இருக்கிறது. இரும்புக் கம்பிகளுக்குப் பதில் இரண்டு கேபிள்கள். ஒன்று பொறுக்கும். ஒன்று போடும். சாமான்தான் மாறி இருக்கிறது. வேலை அதே வேலை! கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் உடைந்து விழுந்தால், கம்பு கஞ்சியில் போட்ட அகப்பை மாதிரி எந்தப் பக்கமும் ஆடும். கியர் விழாது. அப்போதும் “பெட்டி போய் விட்டது” என்று சொல்ல ஆள் இருக்கிறது.

தானாகக் கியர் மாற்றும் ‘ஆட்டோமேட்டிக்’ கார் வைத்து இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பு ‘பி’ என்ற இடத்தை விட்டு நகரவே இல்லை என்றால், முதலில் ஒருவரைக் காருக்குப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதியுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். பிரேக் மிதித்தால்தான் கம்பு விடுபடும்படி இந்தக் கார்களில் பூட்டு வைத்து இருக்கிறார்கள். மிதியில் உள்ள சின்ன ‘ஸ்விட்ச்’ கெட்டால் விளக்கும் எரியாது. கம்பும் நகராது. மாற்ற வேண்டியது அந்த ஸ்விட்ச் மட்டுமே.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், ரிவர்ஸ் சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள். விற்பவர் என்ஜினை முன்பே சூடாக்கி வைத்து இருப்பார். காலையில் போய், ஆறிக் கிடக்கும் காரை ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த சின்க்ரோ வளையம் பல கார்களில் குளிர்ந்து இருக்கும் போதுதான் அதிகம் கத்தும். பெட்டியில் ஏதாவது மாற்றியதாக ஒரு பட்டறை சொன்னால், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். நியாயமான மெக்கானிக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

டாக்சிக்காரர் என்ன ஆனார்?

புது புஷ், பை நிறையப் பணம் கேட்கும் சாமான் அல்ல. மெக்கானிக் மூட்டுகளில் மற்ற புஷ்களையும் ஆட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு தேய்ந்து இருந்தன. மூன்றையும் மாற்றினார். கம்பியின் நீளத்தைச் சரி செய்து, கிரீஸ் வைத்து, காரை ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினார், விட்டார், அழுத்தினார். கழலவில்லை.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. கூலியையும் சாமான் விலையையும் சேர்த்து மெக்கானிக் சொன்னார். டாக்சிக்காரர் சட்டைப் பையில் இருந்தே எடுத்துக் கொடுத்தார்.

“தம்பி, ஒண்ணு மறைக்காம சொல்லிடுறேன்” என்றார் மெக்கானிக். “ரெண்டாவது கியர் வளையம் கொஞ்சம் தேஞ்சிருக்கு. வேகமாப் போட்டா அரைக்குது. இப்போ அவசரம் இல்ல. கையில காசு சேந்ததும் வாங்க. அது வரைக்கும் கம்பைப் பிடிச்சு வெடுக்குனு இழுக்காதீங்க. நிதானமாப் போடுங்க. ஓட்டும் போது கையைக் கம்பு மேல தொங்கப் போடாதீங்க.”

“மலைக்கு சவாரி வந்தா அண்ணாச்சி?”

“இன்னும் ரெண்டு நாள் இங்கேயே சமதரையில ஓட்டிப் பாருங்க. கழலலேன்னா போங்க. கழண்டுச்சுன்னா நேரே இங்க வாங்க.”

மறு நாள் அதிகாலை திருச்செந்தூருக்கு ஒரு சவாரி. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்து. முன் சீட்டில் டிரைவரோடு தாத்தாவும் மாமாவும். பின்னால் எத்தனை பேர் என்று டாக்சிக்காரர் எண்ணவில்லை.

கிளட்சை மிதித்தார். முதல் கியர். பிறகு, ஒரு கணம் நிறுத்தி, இரண்டாவது.